'நேபோ'வும் தொலைந்த ஸகரமும்

அன்புள்ள ஐயா,

ரஷ்ய மொழி கற்றுவருகிறேன். வானத்தைக் குறிக்கும் 'நேபோ' பன்மையில் 'நெபெஸா' ஆகிறது. இடையில் வரும் 'எஸ்', நம் 'மரத்தை'யில் உள்ள அத்துச்சாரியை போன்றதா? விதிவிலக்கு, மனப்பாடம் செய் என்கிறார் ஆசிரியர். சமஸ்கிருத 'நபஸ்'தான் இதன் தாய் என்கிறார்களே?

கா.

அன்புள்ள கா.,

தாய் இல்லை. நபஸ், கிரேக்க நெஃபோஸ், அழிந்துபோன ஹிட்டைட் மொழியின் நேபிஸ், ரஷ்ய மொழியின் மூதாதையான தொல்ஸ்லாவியத்தின் நெபோ ஆகியவை ஒரே வீட்டுப் பிள்ளைகள். உடன்பிறந்தவளைத் தாய் என்று அழைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

'விதிவிலக்கு' என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. எனக்குக் கற்பித்தவரும் அதையே சொன்னார். நானும் கேள்வி கேட்காமல் ஒப்பித்தேன். பல ஆண்டுகள் கழித்து ஒரு நூலகத்தில் ஸ்லாவியரின் பழைய வழிபாட்டு மொழியான சர்ச் ஸ்லாவியத்தின் இலக்கணத்தைப் புரட்டியபோது, நெபோ (வானம்), நெபெஸெ (வானத்தின்), நெபெஸி (வானத்துக்கு) என்று ஒருமையிலேயே அந்த 'எஸ்' வரிசையாக நின்றதைக் கண்டு, ஏமாற்றப்பட்டவனைப் போல வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.

சாரியையோடு ஒப்பிடத் தோன்றிய உங்கள் காது நல்ல காது. ஆனால் நம் இலக்கணத்தில் சாரியை பகுதிக்கும் உருபுக்கும் இடையே புதிதாக வந்து சேர்வது. இங்கே எதுவும் வந்து சேரவில்லை. 'எஸ்' பகுதியின் சொந்த உறுப்பு. தொல்ஸ்லாவியத்தில் சொல்லின் கடைசி மெய்கள் உதிர்ந்தன. எழுவாயில் ஸகரம் கடைசியில் இருந்ததால் போயிற்று, பிற வேற்றுமைகளில் அதன் பின் உயிர் நின்றதால் பிழைத்தது. ஆகவே நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, 'நெபெஸா'வில் எஸ் எப்படி வந்தது என்பதல்ல, 'நேபோ'வில் எங்கே போயிற்று என்பதுதான். ஸ்லோவேனியத்தில் 'தெலோ' (உடல்) இன்றும் ஒருமையிலேயே 'தெலெஸா' என்று வேற்றுமை ஏற்கிறது. சக்கரத்தைக் குறித்த பழைய 'கொலோ'வையோ ரஷ்யர்கள் கைவிட்டு, வேற்றுமைப் பகுதியிலிருந்து 'கொலெஸோ' என்ற புது எழுவாயையே உண்டாக்கிக்கொண்டார்கள். இத்தனை ஒழுங்கை விதிவிலக்கு என்று சொல்லி மாணவரின் வாயை அடைப்பது சோம்பல். அதை நீங்கள் ஏற்றுக்கொண்டதும் சோம்பல்தான்.

இன்னும் ஒன்று. ரஷ்ய மொழியில் மேல்வாயின் பெயர் 'நியோபோ'. அதுவும் இதே சொல்தான், வாய்க்குள் இருக்கும் வானம். ஆனால் 'நேபோ' கோயில் மொழியான சர்ச் ஸ்லாவியத்தின் உச்சரிப்பைத் தாங்கி நிற்கிறது, 'நியோபோ' வீட்டுப் பேச்சில் வளர்ந்தது. கோயில் சொல் பன்மையில் தன் ஸகரத்தைக் காப்பாற்றிக்கொண்டது. வீட்டுச் சொல்லின் பன்மை வெறும் 'நியோபா'.