மூன்றாம் தரம் வேண்டாம், அக்கா

போன கிழமை கிளிநொச்சி முரசுமோட்டையில் இருந்து ஒரு தாயும் மகனும் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். கதிரையில் இருக்கும் முன்பே தாய் அழத் தொடங்கிவிட்டார். மகன் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தரமும் எழுதிவிட்டான், பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளி பொறியியலுக்குப் போதவில்லை. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக கணிதமும் கணினியும் கிடைத்திருக்கிறது. அது வேண்டாமாம். "இன்னொரு தரம் எழுதட்டும், யாழ்ப்பாணத்தில் ரூம் எடுத்து ரியூசனுக்கு விடுங்கோ. சரிவராட்டி காசு கட்டித் தனியார் கம்பஸில் இஞ்சினியர் ஆக்குவம்" என்று கனடா மாமா சொல்கிறாராம். இதற்கிடையில் பெடியன் இரவிரவாகக் கைபேசியில் போக்கர் என்ற சீட்டாட்டம் விளையாடுகிறான். ஒரு டோர்னமென்டில் வென்றும் விட்டான். இனி டோர்னமென்டை விட்டுக் காசு மேசைக்கு மாறப் போகிறானாம், அதுதான் நிலையான வருமானமாம்.

முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். அப்புறம் தாயைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு, "எனக்குச் சீட்டில் 304 மட்டும்தான் தெரியும் தம்பி, இந்த டோர்னமென்டுக்கும் காசு மேசைக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என் மேசையில் கிடந்த பழைய சுற்றறிக்கையைத் திருப்பிப் போட்டு எழுதத் தொடங்கினான்.

டோர்னமென்டில் பந்தயம் வைக்கக் கிடைக்கும் சில்லுக்கு வெளியே பெறுமதி இல்லை. பிளைண்ட் என்ற கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போகும். கையில் 15 பிளைண்ட்தான் மிச்சம் என்றால், கையில் உள்ள சீட்டு மேசையில் உள்ள பெரிய சீட்டோடு சோடி சேர்ந்ததும் முழுவதையும் தள்ளிவிட வேண்டியதுதான். பரிசு வரிசைக்கு ஓரிரண்டு பேர் முந்தி நிற்கும்போது நல்ல கையையும் மடக்கலாம், அதாவது பந்தயம் போடாமல் சீட்டைக் கீழே வைத்துவிடலாம், ஏனென்றால் அங்கே தப்பி நிற்பதற்கே விலை உண்டு. காசு மேசையில் சில்லு காசேதான், பிளைண்டும் ஏறாது, எந்த நேரமும் எழும்பிப் போகலாம். 100 பிளைண்டோடு இருக்கும்போது ஒற்றைச் சோடியை நம்பி எல்லாவற்றையும் தள்ளுவது மடைத்தனம்.

அடுத்து அவன் ஒரு கணக்குச் சொன்னான். நடுவில் 100 இருக்கிறது, எதிராளி 50 போடுகிறான். நான் 50 போட்டால் வெல்லக்கூடியது 150, ஆகவே நாலில் ஒரு தரமாவது வெல்ல வேண்டும். ஃபிளஷ், அதாவது ஒரே இனச் சீட்டு ஐந்து, சேரக் கடைசியாக விழும் ஒரு சீட்டு வேண்டும், நான் காணாத 46 சீட்டில் 9 எனக்கு உதவும். அது 20 வீதத்துக்கும் சற்றுக் குறைவு. டோர்னமென்டில் பின்னால் எடுக்கச் சில்லு இல்லாதபோது மடக்க வேண்டும். காசு மேசையில் எதிராளியிடம் இன்னும் நிறைய இருந்தால், சேர்ந்த பிறகு அவனிடம் எடுக்கக்கூடியதையும் சேர்த்துக் கணக்கிட்டுப் போடலாம்.

"சரி, அப்படியென்றால் மாதம் எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். நூறு கைக்கு, அதாவது நூறு ஆட்டத்துக்கு, 5 பிளைண்ட் லாபம் எடுக்கும் நல்ல விளையாட்டுக்காரன், அந்த லாபம் ஏறி இறங்கும் அளவான நியம விலகல் 90 என்று வைத்துக்கொண்டான். 10,000 கைக்குப் பிறகு எதிர்பார்ப்பு 500, விலகல் 900. பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நன்றாக விளையாடியும் பத்தில் மூன்று பேர் அந்த இடத்தில் நட்டத்தில்தான் இருப்பார்கள். இதில் ஒவ்வொரு பந்தயத்திலும் மேசைக்காரன் எடுக்கும் ரேக் வேறு. தாங்குவதற்கு ஆகக் குறைந்தது இருபது முப்பது தரம் மேசையில் உட்காரும் காசு கையில் வேண்டும். அந்தக் காசு யாருடையது? இரணைமடுக் குளத்துத் தண்ணியில் விளைந்த காலபோக நெல்லின் காசு. அதில் ஒரு சதமும் மேசைக்குப் போகக்கூடாது என்று அவனிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

இப்போது உங்களுக்கு, அக்கா. உங்கள் வீட்டில் டோர்னமென்ட் விளையாடுவது மகன் மட்டும் இல்லை. உயர்தரத்தை மூன்று தரத்துக்கு மேல் எழுதினால் அரச பல்கலைக்கழகத்துக்கு எடுக்க மாட்டார்கள். இரண்டு முடிந்துவிட்டது, மாமா கடைசிச் சில்லையும் பொறியியல் என்ற ஒரே பரிசுக்குத் தள்ளச் சொல்கிறார். கிளிநொச்சி என்பதால் 55 வீத மாவட்ட ஒதுக்கீடும், பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீதமும் ஏற்கெனவே உங்கள் பக்கம் இருந்தன. அப்படியும் எட்டவில்லை. இரசாயனவியல் புத்தகத்தைக் கண்டால் அவனுக்குக் கொட்டாவி வருகிறது. நியம விலகல் என்றதும் முகம் மலர்கிறது. இவன் இஞ்சினியர் இல்லை அக்கா, நிகழ்தகவுக்காரன்.

அக்சுவரி என்று ஒரு தொழில் இருக்கிறது. ஆயுள் காப்புறுதிக் கட்டணம் எவ்வளவாக இருக்க வேண்டும், நாளைய நட்டங்களுக்கு இன்று எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கணக்கிடுபவர். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஆயுள் காப்புறுதிக் கொம்பனிகளுக்கு அக்சுவரி இல்லாமல் முடியாது. அமெரிக்க அக்சுவரிகள் சங்கத்தின் முதல் பரீட்சைகளில் ஒன்றுக்குப் பெயரே ‘பி’, முழுவதும் நிகழ்தகவு. கணினியில் மூன்று மணித்தியாலம், 30 பல்தேர்வு வினா. எழுதப் பட்டம் வேண்டாம், சறுக்கினால் திரும்ப எழுதலாம். மாதிரி வினாக்களும் விடைகளும் சங்கத்தின் தளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. கல்குலேட்டர் மட்டும் கவனம், அவர்கள் அனுமதித்த சில டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வகைகள்தான் செல்லும். ‘பி’ முடிந்தால் வட்டிக் கணக்குக்கு ‘எஃப்எம்’. முழுத் தகைமைக்கு இன்னும் பல பரீட்சை, பல வருடம். வேலை பெரும்பாலும் கொழும்பில், எல்லாம் ஆங்கிலத்தில். இதை உங்களுக்கு மறைக்கமாட்டேன்.

அதற்கு அடிவாரம்தான் நீங்கள் வேண்டாமென்ற அந்த வவுனியா இடம். 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கிறது, ஏ9இல் பஸ் ஏறினால் சனி ஞாயிறு வீட்டுக்கு வரலாம். படிப்புக் கட்டணம் இல்லை. கணிதம், புள்ளிவிபரவியல், கணினி எல்லாம் ஆங்கிலத்தில் படிப்பான், கொழும்பு வேலைக்கு வேண்டியதும் அதுதான். இரண்டாம் வருடத்தில் ‘பி’ எழுதட்டும். கட்டணம் டொலரில், மாமா உதவ விரும்பினால் அதைக் கட்டட்டும். தனியார் கம்பஸுக்காகக் காணி ஈடு வைப்பதற்கு என்னிடம் ஆலோசனை கேட்க வேண்டாம்.

தம்பிக்கும் ஒன்று. காசு மேசையில் எந்த நேரமும் எழும்பிப் போகலாம் என்று நீதானே சொன்னாய். கைபேசியில் அந்தச் செயலியை அழித்துவிட்டு, மாதிரி வினாவில் முதல் இருபதையும் செய்துகொண்டு திங்கட்கிழமை வா. வவுனியாவில் பதிவுக்கு நாள் நெருங்கிவிட்டது, பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டைப் பிரதியையும் அம்மாவிடம் வாங்கிக் கொண்டு வா. மாமாவோடு நான் போனில் கதைக்கிறேன்.