மோன்டெர்கி ஓவியத்தில் இரு தேவதூதர்களும் ஏன் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறார்கள்?

இரண்டுக்கும் மாதிரித்தாள் ஒன்றே என்பதால்தான். இத்தாலியின் இச்சிற்றூர்த் தேவாலயத்துக்காக, இரு தேவதூதர்கள் நடுவே நிற்கும் கர்ப்பிணி மாதாவை 15ஆம் நூற்றாண்டில் ஓவியர் பியரோ டெல்லா பிரான்செஸ்கா சுவரில் வரைந்தார். மாதிரித்தாளில் வரைந்த கோடுகளின் மேல் ஊசியால் துளையிட்டு, ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் தாளை வைத்துக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டினால் புள்ளிகள் பதியும். அதே தாளைத் திருப்பிப் போட்டால் எதிர்ப்பக்கத் தூதர் தயார். பிறகு வண்ணத்தை மாற்றினார்: ஒருவருக்குப் பச்சை அங்கி, சிவப்புக் காலுறை, மற்றவருக்கு நேர்மாறு. எவ்வளவு அழகான சிக்கனம்!

இவ்வகைச் சுவரோவியத்தில், பூச்சு காய்வதற்குள் தீட்டிய நிறம் சுண்ணாம்போடு இறுகிவிடும்; காய்ந்தபின் பசை கலந்து பூசியதோ ஈரம் ஏறினால் உதிரும்.

1785இல் கல்லறைத் தோட்டத்துக்காகத் தேவாலயத்தின் பெரும்பகுதியை இடித்தார்கள். தப்பிய ஓவியத்தை 1911இல் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்தார்கள். இப்போது அது ஊரின் பழைய பள்ளிக்கட்டடத்தில் இருக்கிறது.