தடித்த நாவலை மூடி வையுங்கள்

கேள்வி: சில ஆண்டுகளாக மேற்கு சிட்னியில் வசிக்கிறேன். ஊரில் இருந்தபோது சிறுகதையும் கவிதையும் விடாமல் வாசித்தவள். இந்த நாட்டை அதன் எழுத்தின் வழியே அறிய ஆசைப்பட்டு, பரிசு பெற்ற நாவல்களை நூலகத்திலிருந்து எடுத்து வருகிறேன். ஐம்பது பக்கம் தாண்டுவதில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளோ காமிக்ஸைத் தவிர எதையும் தொடுவதில்லை. நான் ஏதாவது கேட்டால், "உங்களுக்கு இங்கிலீஷ் புரியாதும்மா" என்கிறாள். நான் எங்கிருந்து தொடங்குவது? அவளை எப்படித் திருத்துவது?
- ஒரு வாசகி, வெண்ட்வொர்த்வில்

அன்புள்ள சகோதரிக்கு,

மகளைத் திருத்தும் எண்ணத்தை முதலில் விடுங்கள். அவள் சரியான அலமாரியின் முன்தான் நிற்கிறாள். நீங்களும் அங்கே போங்கள்.

ஷான் டான் புத்தகங்களைக் கேளுங்கள். பெர்த் நகரின் புறப்பகுதியில் வளர்ந்தவர். தந்தை மலேசியாவிலிருந்து வந்த சீனர். 2006-இல் வெளிவந்த அவருடைய 'தி அரைவல்' படக்கதையில் வாசிப்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. குடும்பத்தைப் பிரிந்து, பிழைப்புத் தேடி ஒருவன் அந்நிய நகரத்தில் இறங்குகிறான். அந்த நகரத்தின் எழுத்துகள் ஆசிரியரே கற்பனையில் உருவாக்கியவை. உலகில் யாராலும் படிக்க முடியாது. சாப்பாடும் வளர்ப்பு விலங்கும்கூட அவனுக்கு விளங்காதவை. சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. எழுத்துத் தெரியாததால் தலைகீழாக ஒட்டுகிறான். இதை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். அவளுடைய ஆங்கிலம் அங்கே செல்லுபடியாகாது. குடியேற்ற வரிசையில் நின்ற பதற்றமும் முதல் வாடகை அறையின் வெறுமையும் உங்களுக்குத்தான் நன்றாக நினைவிருக்கும். பல பக்கங்களை நீங்கள்தான் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கும்.

படக்கதை என்றால் சிறுபிள்ளை விஷயம் என்ற தயக்கம் மிச்சமிருந்தால், அடுத்து சஃப்தார் அகமதின் 'ஸ்டில் அலைவ்' நூலை எடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத வில்லவுட் தடுப்பு முகாமுக்குப் போய், அடைபட்டிருந்த அகதிகளோடு சேர்ந்து படம் வரைந்தவர் அவர். ஈழத்தமிழர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் இருந்த முகாம் அது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் இலக்கிய விருதுகளில் 2022-இன் சிறந்த நூல் அதுதான்.

சிறுகதைக்கு, நாம் லீ (Nam Le) என்ற எழுத்தாளர். வியட்நாமிலிருந்து கைக்குழந்தையாகப் படகில் வந்து சேர்ந்தவர். 2008-இல் வந்த 'தி போட்' தொகுப்பின் முதல் கதையில், அவர் பெயரையே கொண்ட இளம் எழுத்தாளன் அமெரிக்காவில் எழுத்துப் படிப்பு படிக்கிறான். உன் இனத்தின் துயரத்தை எழுது, விலைபோகும் என்கிறார்கள் கூட இருப்பவர்கள். பார்க்க வந்திருக்கும் தந்தையோ, வியட்நாம் போரில் அமெரிக்கப் படையினர் நடத்திய மீ லாய் படுகொலையில் உயிர் தப்பியவர். மகன் அதைக் கதையாக எழுதுகிறான். தந்தையின் வலியை எழுத மகனுக்கு என்ன உரிமை? இந்தக் கேள்வியை இவ்வளவு கூர்மையாக எழுப்பிய கதைகள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. முடிவை நீங்களே வாசியுங்கள். தொகுப்பின் கடைசிக் கதை அகதிகளின் படகில் நடக்கிறது. அதை மாட் ஹுயின் வரைய, 2015-இல் பன்மொழி ஒலிபரப்பு நிறுவனமான எஸ்பிஎஸ் இணையப் படக்கதையாக வெளியிட்டது. மகள் அதைப் பார்க்கட்டும், நீங்கள் கதையை வாசியுங்கள். பிறகு இருவரும் பேசுங்கள்.

செடிகொடியும் ஊர்ப்பெயரும் பிடிபட, பழைய கதை ஒன்று உதவும். ஹென்றி லாசன் 1892-இல் எழுதிய 'தி ட்ரோவர்ஸ் வைஃப்'. கணவன் ஆட்டுமந்தையோடு தொலைதூரம் போயிருக்க, காட்டுவெளியின் இரண்டறை வீட்டில் ஒரு பெண், குழந்தைகளோடும் நாயோடும், தரைக்கடியில் புகுந்த பாம்புக்காக இரவெல்லாம் விழித்திருக்கிறாள். தொல்குடி மனிதன் ஒருவன் அதில் ஓரமாக வந்து, விறகு அடுக்குவதில் அவளை ஏமாற்றிவிட்டுப் போகிறான். தொல்குடிப் பெண்ணான லியா பர்செல் 2016-இல் இதே கதையை நாடகமாக்கியபோது, தொல்குடி மனிதனைக் கதையின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். அகலிகை கதையை நம்மவர்கள் திரும்பத் திரும்ப எழுதியதை வாசித்த உங்களுக்கு, இந்த மறுவாசிப்பின் கோபம் உடனே புரியும். இது யாருடைய மண் என்ற வழக்கு அங்கே இன்னும் தீரவில்லை. கதைகளையும் கட்டுரைகளையும் தேர்ந்தெடுக்கும்போது அதை மனத்தில் வையுங்கள்.

கவிதைக்கு எவலின் அராலுவனின் 'ட்ராப்பேர்'. பெண் எழுத்தாளர்களுக்கான ஸ்டெல்லா விருதுக்குக் கவிதை நூல்களையும் ஏற்கத் தொடங்கிய 2022-இலேயே வென்ற தொகுப்பு. கடினமானது, உரக்க வாசியுங்கள். காசில்லாமல் நிறைய வாசிக்க, 1997 முதல் நடக்கும் 'கோர்டைட்' கவிதை இதழ் இணையத்தில் திறந்தே கிடக்கிறது.

இவர்களில் பலரை வளர்த்தவை சிற்றிதழ்கள். 1940-இல் பிரிஸ்பேனில் பிறந்து மெல்போர்னுக்குப் போன 'மீன்ஜின்' இதழை நிறுத்துவதாக அதன் பதிப்பகம் 2025 செப்டம்பரில் அறிவித்தது; பணத்தைக் காரணம் சொன்னது. படித்தபோது நெஞ்சு கனத்தது. 1954-இல் தொடங்கிய 'ஓவர்லேண்ட்', பிரிஸ்பேனின் 'கிரிஃபித் ரிவியூ' போன்றவை சிறுகதை, கவிதை, கட்டுரை என்று கலந்து தருகின்றன. ஏதாவது ஒன்றுக்குச் சந்தா கட்டுங்கள். முடியாவிட்டால் உங்கள் நகராட்சி நூலகத்தில் அதை வாங்கும்படி எழுதிக் கொடுங்கள். வாசகர் பரிந்துரையைக் கேட்டு வாங்கும் வழக்கம் அங்கே உண்டு.