மச்சினன் பைக்குக்காக ராத்திரியில் ஓடும் பைக்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): வயது 36. திருமங்கலம் பக்கத்துக் கிராமம். கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பிடித்தம் போக 31,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி வீட்டிலேயே தையல். இரண்டு பெண் பிள்ளைகள். மூன்று வருஷத்துக்கு முன் அப்பா ஆபரேஷனுக்காக 2 லட்சம் பர்சனல் லோன் போட்டேன். அதே லோனில் டாப்-அப் வாங்கி, மச்சினனுக்கு பைக் எடுக்க 1.8 லட்சமும், அக்கா மகள் காதணிச் செய்முறைக்கு 2.2 லட்சமும் கொடுத்தேன். இப்போது மாதத் தவணை 12,800; இன்னும் 44 மாதம் இருக்கிறது. கடைசி டாப்-அப் போட்டதிலிருந்து, நாலு மாதமாக, டூட்டி முடிந்ததும் மதுரைக்குப் போய் இரவு 11 மணி வரை சாப்பாடு டெலிவரி செய்கிறேன். மாதம் பத்தாயிரம் வருகிறது. போன மாதம் எங்கள் கம்பெனி ஆள் ஒருவர் நாலுவழிச் சாலையில் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி, கால் நொறுங்கிப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். அன்றிலிருந்து மனைவி, பைக்கையே தொடாதீர்கள் என்கிறாள். தையில் 1 லட்சம் சீட்டுப் பணம் வரும். அதை முன்பணமாகக் கட்டி ஒரு பழைய கார் எடுக்கலாமா? மின்சார ஸ்கூட்டருக்கு மாறலாமா? விபத்து நடக்காவிட்டால் கட்டிய பணம் முழுக்கத் திரும்ப வரும் பாலிசி ஒன்று இருப்பதாக மாமா ஒருவர் சொல்கிறார், வருஷம் 24,000. போடலாமா? பைக் 2019இல் வாங்கியது. 5 வருஷ இன்சூரன்ஸ் இருக்கிறது.

பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: ஹெல்மெட் போடுங்கள், மெதுவாகப் போங்கள் என்றெல்லாம் எழுதி இடத்தை அடைக்கப் போவதில்லை. தினமும் அந்த ரோட்டில் ஓட்டுகிறவருக்கு அது தெரியாமல் இருக்காது.

உங்கள் மனைவி பயப்படுவதில் தப்பே இல்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரண்டு சக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள். ஆனால் காலையில் தூங்கி எழுந்து கம்பெனிக்கு ஓட்டுவதும், எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த உடம்போடு ராத்திரி பதினொன்றரைக்கு நாலுவழிச் சாலையில் ஓட்டுவதும் ஒரே ஆபத்து ஆகாது. பின் விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, நடுத்திட்டு இடைவெளியில் ராங் சைடில் வரும் வண்டி எல்லாம் பகலிலும் உண்டுதான். பகலில் கண்ணுக்குத் தெரியும், காலும் பிரேக்குக்கு நேரத்துக்குப் போகும்.

ஆகவே முதலில் கிலோமீட்டரை எண்ணுவோம். வீட்டிலிருந்து கம்பெனி 14 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். போக வர 28. 26 நாளுக்கு ஏறக்குறைய 730. இரவு ஓட்டம், மதுரைக்குப் போவது, ஊருக்குள் சுற்றுவது, வீடு திரும்புவது எல்லாம் சேர்ந்து 60 என்றால், 24 இரவுக்கு 1,440. நீங்கள் ஓட்டுவதில் மூன்றில் இரண்டு பங்கு இரவில்தான். பைக்கை விடவேண்டுமா என்று கேட்டீர்கள். அந்த இரண்டு பங்கை விடுங்கள், மீதியை அப்புறம் பேசுவோம்.

அந்த ஓட்டத்தில் மிஞ்சுவது என்ன? பத்தாயிரம் வருகிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று குத்துமதிப்பாக வைத்தாலும் பெட்ரோல் 2,900 போய்விடும். ஆயில், டயர், செயின் ஸ்ப்ராக்கெட் என்று மாதம் 600 ஒதுக்குங்கள். மீதி 6,500. நாலரை மணி நேரம் வீதம் 24 இரவு, 108 மணி. மணிக்கு 60 ரூபாய். மதுரையிலிருந்து வீடு திரும்பும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை.

அந்த 6,500 எங்கே போகிறது? அப்பா ஆபரேஷனுக்கு வாங்கிய 2 லட்சம் மட்டும் இருந்திருந்தால், 15 சதவீத வட்டியில் நாலு வருஷத்துக்குத் தவணை 5,600 கூட வராது. இன்னும் ஒரே வருஷத்தில் முடிந்தும் போயிருக்கும். இப்போது கட்டுவது 12,800. வித்தியாசம் 7,200. உங்கள் இரவு ஓட்டம் அப்படியே மச்சினன் பைக்குக்கும் காதணிச் செய்முறைக்கும் போகிறது. அது போதாமல் சம்பளத்திலிருந்தும் 700 எடுத்துப் போடுகிறீர்கள். அப்பாவுக்காகப் பட்ட கடனை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு அப்புறம் நடந்ததுதான் கோளாறு.

டாப்-அப் என்றால் பழைய கடனோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் அனுப்பிய லோன் ஸ்டேட்மென்டைப் பாருங்கள். இரண்டு முறையும் பழைய கணக்கை அடைத்து, புதுக் கணக்கு திறந்து, செயலாக்கக் கட்டணமும் அதன் மேல் வரியும் பிடித்து, மறுபடி 48 மாதம் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் சில மாதத் தவணையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வட்டிக்கே போய்விடும். அசலில் உருப்படியாகக் குறையத் தொடங்கும் நேரத்தில் இன்னொரு டாப்-அப். மூன்று வருஷத்தில் ஏறக்குறைய 2.85 லட்சம் கட்டிவிட்டீர்கள். இன்னும் 4.31 லட்சம் பாக்கி. அதில் அப்பாவுக்காக வாங்கியது என்று பார்த்தால் 62 ஆயிரத்துக்குள்தான் நிற்கும். "உங்களுக்கு 3 லட்சம் தயார், கையெழுத்தே வேண்டாம்" என்று போனுக்கு மெசேஜ் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒழுங்காகத் தவணை கட்டுகிற ஆளை அவர்கள் விடமாட்டார்கள். அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள்.

மச்சினன் வண்டி விஷயத்தில் பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆர்.சி. உங்கள் பெயரில் இருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். அவர் எங்காவது ஒருவரை இடித்தால், இழப்பீட்டு வழக்கில் வண்டி உரிமையாளராக நிற்கப்போவது நீங்கள். இன்சூரன்ஸ் காலாவதியாகி இருந்தால் தீர்ப்பாயம் சொல்லும் தொகை உங்கள் தலையில். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க வரலாம். அவர் அடிபட்டாலோ, அந்தப் பாலிசியில் உள்ள தனிநபர் விபத்துக் காப்பீடு அவருக்கு ஒரு பைசா தராது; அது ஓட்டுகிற உரிமையாளருக்கு மட்டும். சுருக்கமாக, வண்டி அவருக்கு, தவணை உங்களுக்கு, வழக்கும் உங்களுக்கு.

மச்சினனுக்கு இப்போது செல்போன் கடையில் வேலை என்கிறீர்கள். 1.8 லட்சத்துக்கு இதே வட்டியில் தவணை 5,000. அதை மாதாமாதம் உங்கள் கணக்கில் அவர் போடவேண்டும்; ஆர்.சி.யும் அவர் பெயருக்கு மாறவேண்டும். படிவம் 29, 30, இரண்டு பேர் கையெழுத்து, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ் இருந்தால் முடியும் வேலை. முடியாது என்றால் வண்டியை விற்க வேண்டியதுதான். இதை நீங்கள் போய்ச் சொன்னால் பொண்டாட்டி வீட்டோடு மல்லுக்கு நிற்கிறார் என்று பேச்சு வரும். உங்கள் மனைவி பேசட்டும். இரவு வாசலில் காத்துக் கிடக்கிறவர் அவர்தானே. "உன் தவணைக்காக உங்க மாமா ராத்திரி ஓட்டுறாரு" என்று அக்கா ஒரு வார்த்தை கேட்டால் தம்பிக்கு உறைக்காமல் போகாது. நாளைக்கு உங்கள் பெண்களுக்குத் தாய்மாமனாகச் சீர் தூக்கி வரவேண்டியவரும் அவர்தான்; முகம் முறியாமல் பேசுவது நல்லது.

அக்கா மகள் செய்முறை முடிந்த கதை. மொய் நோட்டில் ஏறிவிட்டது, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஏதாவது திரும்பும். ஆனால் தாய்மாமன் என்ற பெருமைக்கு 15 சதவீத வட்டியில் சங்கிலி போடுவதை எந்த ஊர் வழக்கமும் கேட்கவில்லை. அடுத்த விசேஷத்துக்குக் கையில் இருப்பதைச் செய்யுங்கள். ரெண்டு நாள் பேசுவார்கள்.

சீட்டுப் பணம் 1 லட்சத்தை அப்படியே கடனில் கட்டுங்கள். பகுதித் தொகையை முன்கூட்டிக் கட்ட எவ்வளவு கட்டணம் என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு, "மாதங்களைக் குறைக்க வேண்டாம், தவணையைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் பெரும்பாலும் மாதத்தைத்தான் குறைப்பார்கள். வேறு நேரமாக இருந்தால் நானே மாதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பேன், வட்டி அதில்தான் அதிகம் மிச்சம். இப்போது உங்களுக்கு வேண்டியது இரவில் வீட்டில் இருப்பது. 12,800 என்பது 9,800 ஆகும். மச்சினன் 5,000 போட்டால் உங்கள் பங்கு 4,800. அவர் மறுத்து வண்டி 1.1 லட்சத்துக்கு விலை போனால், அதையும் கட்டியபின் தவணை 6,600க்குள் வரும். இரண்டில் எது நடந்தாலும் டெலிவரியை நிறுத்தலாம். தை வரை காத்திருக்கவும் வேண்டாம். அதுவரை சனி, ஞாயிறு மட்டும் திருமங்கலத்துக்குள்ளேயே ஆர்டர் கிடைத்தால் பாருங்கள், இல்லாவிட்டால் சும்மா இருங்கள்.

கார் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 4.5 லட்சத்துக்கு ஒரு பழைய வண்டி, 3.5 லட்சம் கடன், 14 சதவீதம், 5 வருஷம்: தவணை 8,100. கம்பெனிக்குப் போய்வரவே பெட்ரோல் 4,900. இன்சூரன்ஸ், சர்வீஸ் சேர்த்தால் மாதம் 15,000 வரும். இருக்கிற தவணையும் புதுத் தவணையுமாக 20,900, சம்பளம் 31,000. மதுரைக்குள் வர பைக்குக்குச் சுங்கம் கிடையாது; கார் என்றால் கப்பலூர் சுங்கச்சாவடியில் வரும் தகராறைப் பற்றித் திருமங்கலத்துக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கடைசியில் காரை வாசலில் நிறுத்திவிட்டு, அதன் தவணைக்காகப் பைக்கில் டெலிவரிக்குப் போவீர்கள்.

இன்சூரன்ஸுக்கு வருவோம். 2019இல் எடுத்த 5 வருஷப் பாலிசி 2024இலேயே முடிந்துவிட்டது. உங்களைப் போல நிறையப் பேர் இதை மறந்து ஓட்டுகிறார்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டிகளுக்கு 5 வருஷத்துக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை (நம் வண்டி இடித்து அடிபட்டவருக்கு இழப்பீடு தருவது) சேர்த்தே எடுக்கவைத்தார்கள், அதனால் யாருக்கும் வருஷா வருஷம் ஞாபகம் வருவதில்லை. இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே புதுப்பியுங்கள். 75க்கு மேல் 150 சிசி வரை உள்ள வண்டிக்கு 2022இல் நிர்ணயித்த அடிப்படைப் பிரீமியம் 714 ரூபாய், மேலே வரி. கூடவே 15 லட்சத்துக்கு உரிமையாளர் விபத்துக் காப்பீட்டையும் சேருங்கள். இன்னொன்று: சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் கூலிக்குச் சரக்கு ஏற்றிப் போவது விலக்கு. நாலு மாதமாக நீங்கள் செய்தது அதுதான்.

மாமா சொல்லும் பாலிசியை விட்டுவிடுங்கள். வருஷம் 24,000, விபத்தில் இறந்தால் 10 லட்சம், இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்துக் கட்டியது திரும்ப வரும் என்கிறார். பத்து வருஷம் உங்கள் 2.4 லட்சத்தை வட்டியில்லாமல் வைத்திருப்பதற்குப் பெயர் தாராளமா? வெறும் டெர்ம் பாலிசி (காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது), உங்கள் வயதுக்கு 50 லட்சம், வருஷம் ஏறத்தாழ 8,000 முதல் 10,000க்குள் கிடைக்கும்; விபத்துச் சாவுக்கு மட்டுமல்ல, நோயில் சாவுக்கும் பொருந்தும். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. ஆனால் உங்கள் கம்பெனி ஆளுக்கு நடந்தது சாவு இல்லை. மூன்று நாலு மாதம் சம்பளம் இல்லாமல் கட்டிலில் கிடப்பது. உங்கள் சம்பளம் 21,000ஐத் தாண்டுவதால் இ.எஸ்.ஐ. உங்களுக்கு இல்லை. எனவே தனிநபர் விபத்துப் பாலிசி எடுக்கும்போது, வேலைக்குப் போகமுடியாத வாரங்களுக்குப் பணம் தரும் பிரிவு இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். வங்கிக் கணக்கில் வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமாவில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பி.எஃப்.பில் வாரிசு யார் என்பதையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் வேலையில் சேர்ந்தவர்களுக்கு இன்னமும் அம்மா பெயர்தான் இருக்கும். அதோடு சேர்ந்த காப்பீடு 7 லட்சம் வரை உண்டு.

மனைவியிடம் ஒன்று சொல்லி வையுங்கள். நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை ஒரு உச்சவரம்பு வரை அரசு செலவில் நடக்கும், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும். கையில் காசு இல்லையே என்று யாரும் தயங்கவேண்டாம்.

மின்சார ஸ்கூட்டர் கேட்டிருந்தீர்கள். விழுந்தால் அதுவும் இரண்டு சக்கரம்தான். டெலிவரியை விட்டபின் உங்கள் ஓட்டம் மாதம் 730 கிலோமீட்டர், பெட்ரோல் 1,500 ரூபாய். அதில் 1,200 மிச்சமானாலும், 1.3 லட்சம் போட்டு வாங்கும் வண்டி அந்தக் காசை மீட்க ஒன்பது வருஷம் ஆகும். இருக்கிற வண்டியே ஓடட்டும். நாலு மாதத்தில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியிருக்கிறது, டயர் இரண்டையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.