நீல ஜீரோ வாட்ஸ் பல்பும் தூங்காத பையனும்

கேள்வி: என் 6 வயது மகனுக்கு இருட்டு என்றால் பயம். அதனால் படுக்கையறையில் இரவு முழுக்க நீல ஜீரோ வாட்ஸ் பல்பு எரிகிறது. நீலம் மனதுக்கு அமைதி என்று கடைக்காரர் சொல்லித்தான் வாங்கினேன். ஆனால் 11 மணி வரை புரண்டுகொண்டே இருக்கிறான்; கொடியில் தொங்கும் சிவப்புத் துண்டு பேய் மாதிரி தெரிகிறதாம். சிவப்பு பல்பு போடலாமா என்றால், பிள்ளை கோபக்காரன் ஆகிவிடுவான் என்கிறார் மாமியார். எதைப் போடுவது?

பதில்: பையன் சாக்குச் சொல்லவில்லை. துண்டைப் பேயாக்கியது பல்புதான்.

இன்று ராத்திரி விபூதி, மஞ்சள், குங்குமம் மூன்றையும் ஒரு தட்டில் வைத்து அந்த பல்பின் அடியில் பாருங்கள். விபூதி நீலமாகப் பளிச்சென்று நிற்கும். குங்குமம் கரித்தூள் போலிருக்கும், மஞ்சளும் இருண்டுபோகும். குங்குமத்துக்குத் திருப்பி அனுப்பத் தெரிந்தது சிவப்பு ஒளியை மட்டும்; அந்த பல்பில் சிவப்பே இல்லையே! போதாக்குறைக்கு, மங்கல் வெளிச்சத்தில் பெரும்பாலும் விழித்திரையின் கோல் செல்களை வைத்துத்தான் பார்க்கிறோம். அவற்றுக்கு நிறமும் தெரியாது, நுணுக்கமும் தெரியாது. நீலப்பச்சை என்றால் சட்டென விழித்துக்கொள்ளும், சிவப்பைக் கண்டுகொள்ளாது. விடியற்கால மங்கலில் சிவப்புப் பூ கறுத்தும் நீலப் பூ எடுப்பாகவும் தெரிவதை புர்க்கின்யே என்ற செக் அறிஞர் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பே கவனித்திருக்கிறார். உங்கள் வீட்டில் பூவுக்குப் பதில் துண்டு. நீலச் சுவருக்கு முன்னால் ஓரம் கலைந்த ஒரு கறுப்பு உருவம். எனக்கே பயமாக இருக்கும்.

அடுத்தது தூக்கம். எதையும் பார்ப்பதற்காக அல்லாமல், இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே விழித்திரையில் சில செல்கள் உண்டு. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளி பட்டால் அவை ‘இன்னும் பொழுது சாயவில்லை’ என்று சேதி அனுப்பும். தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும். சிறுவர்களின் கண்ணில் பாவை அகலம், லென்ஸ் தெளிவு. அதனால் பெரியவர்களைவிட அவர்களுக்கு ஒளி அதிகமாக உள்ளே போகிறது.

‘நாங்களெல்லாம் நீல பல்பில் தூங்கவில்லையா?’ என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அந்தக் காலத்து பல்பு உள்ளே இழை எரிய, மேலே நீலம் பூசியது. இழை தருவது பெரும்பாலும் மஞ்சளும் சிவப்பும்தான். நீலம் கொஞ்சம்தான் வெளியே வரும். இப்போதைய எல்.இ.டி. தருவது அசல் நீலம்.

ஆனாலும் பழி முழுவதையும் அந்த அரை வாட் பல்பின் மேல் போட மாட்டேன். படுக்கும் நிமிடம் வரை தலைக்கு மேல் எரியும் 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டுக்குத்தான் பெரிய பங்கு (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் நீலம் கூடும், குறைந்தால் மஞ்சள்). அதை ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிட்டு, பெட்டியில் 2700 கெல்வின் அல்லது ‘வார்ம் ஒயிட்’ என்று போட்ட பல்பு ஒன்றை ஏற்றுங்கள். டி.வி., செல்போனும் அப்போதே நிற்கட்டும்.

நிறமும் குணமும் பற்றிய பேச்சை அப்படியே நம்பாதீர்கள். 1979-இல் அமெரிக்காவின் சியாட்டில் கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு அடித்து, கைதிகள் சாந்தமானார்கள் என்றார்கள். பின்னால் கவனமாகச் சோதித்தபோது அந்த விளைவு நிற்கவில்லை. மங்கலான சிவப்பு பல்பால் பிள்ளை கோபக்காரன் ஆக மாட்டான். தூக்கத்தையும் அது அதிகம் கெடுக்காது. ஆனால் அறை முழுக்கச் சிவந்து கிடந்தால் பயந்த பிள்ளைக்குப் பிடிக்காமல் போகலாம். மாமியாரோடு மல்லுக்கட்டுவதைவிட, மங்கலான மஞ்சள் பல்பே போடுங்கள். அதைக் கட்டிலுக்குப் பின்னால், தரையை ஒட்டிய பிளக்கில் செருகினால் கண்ணில் நேராகப் படாது. பையன் தூங்கியதும் அணைத்துவிடலாம்.

கொடியை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.