யோகாவும் சுகப்பிரசவமும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு இது ஆறாம் மாதம். இடுப்புவலி, ராத்திரியில் கெண்டைக்கால் இழுப்பு, தூக்கமே இல்லை. டாக்டர் யோகா செய்யலாம் என்றதால் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். பட்டாம்பூச்சி ஆசனம் (உட்கார்ந்து இரு பாதங்களையும் சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரிப்பது) தினமும் செய்தால் சுகப்பிரசவம் உறுதி என்கிறார் ஆசிரியை. மாமியாரோ, "வாசல் பெருக்கிக் கோலம் போட்டாலே போதும்" என்கிறார். கர்ப்பத்தில் யோகா செய்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

(பெயர் வேண்டாம்), திருப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

டாக்டர் சொல்வதை. உங்கள் ஸ்கேனைப் பார்த்தவர் அவர்தான். நஞ்சுக்கொடி (பிளசென்டா) கீழே இறங்கியிருந்தாலோ, ரத்தப்போக்கு இருந்தாலோ, பி.பி. ஏறியிருந்தாலோ கதையே வேறு.

நானும் ஆறாம் மாதத்தில்தான் சேர்ந்தேன். கையையும் முழங்காலையும் ஊன்றி, பூனை மாதிரி முதுகை மேலே வளைத்து இறக்குவார்களே, அதற்காகவே தினமும் காத்திருப்பேன். வயிற்றின் கனம் முதுகெலும்பை விட்டு இறங்கி, அப்பாடா என்றிருக்கும். படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் அதைச் செய்தால் தூக்கம் வந்தது.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் வகுப்பு முடிவில் மல்லாந்து சவாசனத்தில் படுத்திருந்தேன். தலை சுற்றி, வியர்த்துக் கொட்டியது. "மூச்சைக் கவனிங்க" என்றார் ஆசிரியை. மூச்சு எங்கே இருந்தது கவனிக்க! ஐந்து மாதம் தாண்டினால், மல்லாந்து படுக்கும்போது கர்ப்பப்பை முதுகுப்பக்கம் இருக்கும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். ஆகவே சவாசனத்தையும் இடப்பக்கம் ஒருக்களித்தே செய்யுங்கள், முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்து. (எழுந்து உட்கார்ந்துதான் புரண்டு படுக்க வேண்டும், இல்லாவிட்டால் தொப்புள்கொடி சுற்றிக்கொள்ளும் என்று வீட்டில் சொல்வார்கள். கொடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தாராளமாகப் புரளுங்கள்.)

இன்னொன்று. "முன்பைவிட நன்றாக வளைகிறேனே" என்று பெருமைப்படாதீர்கள். ரிலாக்சின் என்ற ஹார்மோன் இப்போது மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்களைத் தளர்த்துகிறது. வளைய முடிகிற அளவுக்கெல்லாம் வளைந்தால் மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கபாலபாதி (மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுவது), மூச்சை அடக்குவது, தலைகீழாக நிற்பது, வயிற்றைத் திருகுவது எதுவும் வேண்டாம். பட்டாம்பூச்சி செய்யுங்கள், சுவரில் சாய்ந்துகொண்டு, முழங்காலைக் கையால் அழுத்தாமல். தொடை இறுக்கம் தளரும்.

ஆனால் அது சுகப்பிரசவத்துக்கு உத்தரவாதம் இல்லை. எனக்கு சிசேரியன்தான். பார்க்க வந்த ஓர் அத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, "அவ்வளவு யோகா செஞ்சியே, கடைசியில ஆபரேஷனா?" என்றார். குழந்தை குறுக்கே கிடந்தால் பட்டாம்பூச்சி என்ன செய்யும்? 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இத்தனை பேரும் ஆசனம் செய்யாததால்தான் இப்படி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் யோகா செய்தது அந்த நான்கு மாதத் தூக்கத்துக்காக. அது கிடைத்தது.

மாமியார் சொல்வதும் தப்பில்லை, நடமாட்டம் நல்லதுதான். ஆனால் கெண்டைக்கால் இழுப்புக்குக் கோலம் உதவாது. இழுக்கும்போது காலை நீட்டி, முன்பாதத்தை உங்கள் பக்கம் மடக்கிப் பிடிக்க வேண்டும். வயிறு பெரிதானதும் கை எட்டாது. அப்போது கூச்சப்படாமல் வீட்டுக்காரரை எழுப்புங்கள்.