பேஸ்மேக்கரின் நேரக்கணக்கு: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: என் தாயாருக்கு வயது 67. ‘ஹார்ட் பிளாக்’ என்று சொல்லி, மூன்று மாதங்களுக்கு முன் மதுரையில் இரண்டு ஒயர் உள்ள பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். மயங்கி விழுவது அடியோடு நின்றுவிட்டது. ஆனால் திருப்பரங்குன்றம் கோயிலில் பத்துப் பதினைந்து படிகள் நன்றாக ஏறுபவர், திடீரென்று மூச்சு முட்டி, கண் இருட்டி உட்கார்ந்துவிடுகிறார். சென்ற வாரம் மருத்துவர் அவர் நெஞ்சின் மேல் ஒரு கருவியை வைத்து, 200 என்றிருந்த எண்ணை 150 ஆகவும், 300 என்றிருந்த இன்னோர் எண்ணை 250 ஆகவும் மாற்றி அனுப்பினார். பேஸ்மேக்கர் பழுதா? முதலிலேயே ஏன் சரியாக வைக்கவில்லை? (ஒரு மகள், உசிலம்பட்டி)

பதில்: பழுதில்லை. முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் பக்கத்தில் ‘அடைப்பு’ என்றாலே இரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்துக்கொள்வதைத்தான் நினைக்கிறோம். தங்கள் தாயாருக்கு இருப்பது அதுவன்று. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு இறங்கிவரும் பாதை தடைப்பட்டிருக்கிறது.

இயல்பான இதயத்தில் அந்தத் துடிப்பு வழியில் ஓரிடத்தில் சற்றே தாமதித்துத்தான் கீழிறங்கும். மேலறை தூண்டப்படுவதற்கும் கீழறை தூண்டப்படுவதற்கும் இடையிலான நேரம் ஈசிஜியில் 120 முதல் 200 மில்லி விநாடி வரை இருக்கும். மேலறை சுருங்கித் தன் இரத்தத்தைக் கீழே தள்ளி முடிப்பதற்கான அவகாசம் அது. கமலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: சால் நீரில் முழுதாக அமிழும் முன்பே மாடுகளை ஓட்டினால் பாதிச் சால்தான் மேலே வரும், நிறைந்த பின்னும் மாடுகளை நிறுத்தி வைத்திருந்தால் பொழுதுதான் வீணாகும். இதயத்திலோ பொழுது வீணாவதோடு நிற்பதில்லை. இடைவெளி மிகவும் நீண்டால், வால்வு சரிவர மூடாமல் இரத்தத்தில் ஒரு பகுதி மேலறைக்கே திரும்பிவிடவும் கூடும். தடைப்பட்ட பாதையின் வேலையைப் பேஸ்மேக்கர் ஏற்றுக்கொள்ளும்போது, இந்த இடைவெளியையும் அதுவே கணக்கிட வேண்டியிருக்கிறது. தாங்கள் குறிப்பிட்ட முதல் எண் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது எண்ணைப் பற்றிப் பலரும் கேட்பதில்லை. தங்கள் தாயாரின் படியேற்றத்துக்கு விடை அதில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். கீழறை ஒருமுறை துடித்த பிறகு, கீழிருந்து மேலே திரும்பி வரும் துடிப்பைப் புதிய துடிப்பு என்று ஏமாந்துவிடாதிருக்க, பேஸ்மேக்கர் மேலறையிலிருந்து வரும் சமிக்ஞையைச் சிறிது நேரம் பொருட்படுத்தாது. இடைவெளி 200, பொருட்படுத்தாத நேரம் 300, ஆக மொத்தம் 500 மில்லி விநாடி, அதாவது அரை விநாடி. நிமிடத்துக்கு 120 துடிப்புக்கு மேல் மேலறை வேகமெடுத்தால், ஒன்றுவிட்டு ஒரு துடிப்பு இந்தக் கண்மூடிய நேரத்தில் விழுந்துவிடும். படியேறுகையில் அந்த வேகத்தைத் தொட்ட கணமே, கூட வேண்டிய நாடித்துடிப்பு ஏறத்தாழ 60-க்குச் சரிந்துவிடும். மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? இப்போது 150-உம் 250-உம் சேர்ந்து 400 ஆகிறது. அந்த எல்லை நிமிடத்துக்கு 150 துடிப்பாக உயர்ந்திருக்கிறது.

முதலிலேயே ஏன் வைக்கவில்லை என்பது நியாயமான கேள்வி. பொருத்திய அன்று நோயாளி படுக்கையில் கிடக்கிறார். அப்போது வைக்கும் எண்கள் படுத்திருக்கும் உடலுக்குப் போதும். படியேறும் உடலின் தேவை வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியவரும். வெளியிலிருந்தே எண்களை மாற்ற முடிகிற வசதி இதற்காகத்தான் இருக்கிறது. அடுத்த பரிசோதனையின்போது, அவரை மருத்துவமனைப் படிகளிலோ வராந்தாவிலோ நடக்கவைத்த பின் கருவியின் பதிவைப் பார்க்கும்படி கேளுங்கள். இதயம் வேகமெடுக்கும்போது இடைவெளி தானாகவே குறையும் அமைப்பு அவருடைய கருவியில் இயக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். கண்மூடும் நேரத்தைக் குறைத்ததில் ஒரு சிறு விலையும் உண்டு: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திடீர்ப் படபடப்பு வந்தால் தாமதிக்காமல் காட்டிவிடுங்கள்.

கேள்வி: இதயம் பலவீனமான என் தந்தைக்கு மூன்று ஒயர் கொண்ட கருவி வைத்திருக்கிறோம். எக்கோ எடுத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நேரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்கிறார் உறவினர் ஒருவர். எங்கள் மருத்துவரோ 120 என்று வைத்ததோடு விட்டுவிட்டார். அலட்சியமா? (ஒரு வாசகர், மேலூர்)

பதில்: அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். இதயத்தின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒன்றாகச் சுருங்கவைக்கும் இக்கருவியில், எக்கோ பார்த்து இடைவெளியை அமைப்பது, கணினிக் கணக்கால் அமைப்பது, எல்லோருக்கும் 120 மில்லி விநாடி என்று வைத்துவிடுவது ஆகிய மூன்றையும் 980 நோயாளிகளிடம் ஒப்பிட்ட ‘ஸ்மார்ட்-ஏவி’ ஆய்வின் முடிவு 2010-இல் வெளியானது. ஆறு மாதங்களுக்குப் பின் இதயத்தின் அளவு சுருங்கியதில் மற்ற இரண்டு முறைகளும் 120-ஐ விஞ்சவில்லை. ஆகவே நன்றாகத் தேறிவருபவருக்கு எண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை. கருவி வைத்தும் மூச்சிரைப்பும் கால் வீக்கமும் குறையாதவருக்கு எக்கோ பார்த்து மாற்றிப் பார்ப்பது பொருளுள்ள வேலைதான்.

ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: மொத்தத் துடிப்புகளில் எத்தனை சதவீதம் கருவியின் வழியாக நடக்கிறது? அது 98-க்கு மேல் இருப்பது நல்லது. மேலறை ஒழுங்கின்றித் துடித்தாலோ, இடையிடையே உதிரித் துடிப்புகள் மிகுந்தாலோ இந்தச் சதவீதம் இறங்கிவிடும். இறங்கியிருப்பவருக்கு 120-ஐ 110 ஆக்குவதால் பெரிய பயன் இராது. அந்த உதிரித் துடிப்புகளுக்கு மருந்து கொடுப்பதே முதல் வேலை.

கேள்வி: எனக்கு இரண்டு ஒயர் பேஸ்மேக்கரில் இடைவெளி 150, அதே கருவி வைத்துள்ள என் நண்பருக்கு 250-க்கும் மேல். யாருக்குத் தவறு நடந்திருக்கிறது? (ஒரு வாசகர், திருமங்கலம்)

பதில்: இருவருக்கும் சரியாகவே இருக்கலாம். துடிப்பு உண்டாகும் இடத்தில் மட்டும் கோளாறு இருந்து, கீழிறங்கும் பாதை நன்றாக உள்ளவருக்கு, அந்தப் பாதையே வேலை செய்யட்டும் என்று இடைவெளியை வேண்டுமென்றே நீட்டிவைப்பார்கள். வலக் கீழறையை ஒயர் மூலம் தேவையின்றித் தூண்டிக்கொண்டிருப்பது, முன்பே பலவீனமான இதயத்துக்குக் கெடுதி என்று 2002-இல் வெளியான ‘டேவிட்’ ஆய்வு காட்டியது. தங்களுக்குப் பாதையிலேயே தடை என்றால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் துடிப்பு கீழே வராது. 150-ஐ 250 ஆக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம்.